ஒன்பதாம் மாதத்துக்கு இடமில்லை

தேவதானப்பட்டி மேற்குக் காட்டில் கிணறு வெட்டித் தண்ணீர் காட்டியவன் நான். அது முழுக்கப் பாறை, அங்கே ஊற்றே கிடையாது என்று ஊரே சொன்னது. மஞ்சளாற்று வாய்க்காலில் இன்றைக்கு நிற்கிற மதகு நான் வைத்தது. எனக்கு முன்னால் மற்றவர்கள் வைத்த மதகு எதுவும் இரண்டு மழை தாங்கவில்லை. எங்கள் தெருவில் முதல் ஓட்டு வீடு என் வீடு. அதற்கு ஓடு சுட்ட காளவாயும் என்னுடையதுதான். சந்தைமேட்டில் வண்டிக்காரர்கள் ஒதுங்கக் கொட்டகை போட்டேன். கூலிக்கு மண் சுமந்தவன் கொட்டகை கட்டுகிறானாம் என்று சிரித்த ஆட்கள், மழை வந்தால் இப்போது அதற்குள்தான் ஓடி வருகிறார்கள். என் தகப்பன் எனக்கு வைத்துப் போன சொத்து ஒரு மண்வெட்டி, அதுவும் காம்பில்லாதது. மணலில் விரல் வைத்து எழுதிப் படித்தது ஒரே ஒரு மழைக்காலம். அதற்கப்புறம் வாத்தியார் சம்பளம் கேட்டார். நான் மண்வெட்டிக்குக் காம்பு போடப் போய்விட்டேன்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வளவு கட்டினவன், தன் மகளைப் படுக்கவைக்க ஒரு மூலை கேட்டுக் குமுளியிலிருந்து தேனி வரை வாசல் வாசலாக நின்றான். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

என் மகள் காமாட்சியைக் கூடலூரில் கொடுத்திருந்தேன். மாப்பிள்ளை ராசு, பெரியாற்று அணை வேலைக்குச் சுண்ணாம்பு ஏற்றுகிற வண்டிக்காரன். வேலை மலைமேல் என்பதால் கூடலூர் வீட்டைக் கூலியாட்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, அவளையும் தன் தாயையும் கூட்டிக்கொண்டு குமுளியில் குடிசை போட்டிருந்தான். குமுளி என்றால் அது திருவிதாங்கூர் மகாராஜா சீமை. கணவாய் ஏறினால் பேச்சு வேறு, காசு வேறு, மழைகூட வேறு.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்கவேண்டும். ஒற்றைப்படை மாதத்தில்தான் பெண்ணைக் கிளப்பிக் கொண்டுவர வேண்டும். ஏழாம் மாதம் போகலாம் என்றால், மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி ஏறவில்லை. எட்டாம் மாதம் கிளப்பக்கூடாது. ஆகவே ஒன்பது. ஐப்பசி மழை பிடித்த நேரம். என் சம்சாரம் வாசல்வரை வந்து ஒரே ஒரு பேச்சுத்தான் சொன்னாள்.

"பெத்தது நாலு. மிஞ்சுனது இவ ஒருத்தி. எங்கிட்டக் கொண்டாந்து சேத்துருங்க, அது போதும்."

போகும்போது ஒரு சங்கடமும் இல்லை. நானும் வண்டிக்கார மொக்கையனும் இரண்டு மாடும்தான். ஆம்பளைக்கு இடம் ஒரு பெரிய காரியமா? தேனியில் சந்தை ஓரம் வண்டிக்கடியில் படுத்தோம். சின்னமனூரில் கரும்பு ஆலைக் கொட்டகையில் வெல்லப்பாகு வாசத்தோடு படுத்தோம். கொண்டுபோன புளிச்சோறு புளித்துப்போன பிறகு, கம்பங்கூழும் சுட்ட கருவாடும் வாங்கித் தின்றோம். ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. அணை வேலை வந்த பிறகு பள்ளத்தாக்கில் மாட்டுக்கொட்டத்தைக்கூட வாடகைக்கு விட்டுவிட்டார்கள். முன்னெல்லாம் "இங்கன படுத்துக்கங்க" என்று பாயை உதறிப் போட்ட வீடுகளில் இப்போது கூலியாட்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். மிச்ச இடத்துக்கு வீட்டுக்காரர்கள் கேட்ட கூலிக்கு, எங்கள் ஊரில் ஒரு மாதம் வீடு பிடிக்கலாம்.

"மாமா, திரும்பி வாறப்பக் காமாட்சியை எங்கன படுக்கவைக்கப் போறோம்?" என்று மொக்கையன் அப்போதே கேட்டான். உறவு ஒன்றும் கிடையாது. ஊர்முறைக்கு என்னை மாமா என்பான்.

"கம்பத்துல சத்திரம் இருக்கு. மண்டபம் இருக்கு. தேனி வரைக்கும் என் பேரு தெரியாத ஆளு இருக்கானா?" என்றேன்.

அவன் மாட்டைப் பார்த்துக்கொண்டான்.

குமுளியில் ஒரு பகலும் ஒரு இரவும் இருந்தோம். மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, காந்தாரி மிளகாயை உப்போடு நசுக்கித் தொட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள். முதல் வாய்க்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, இரண்டாவது வாய்க்கு இன்னும் கொஞ்சம் கேட்டேன். அந்தச் சீமையில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பாதையோரம் வழியம்பலம் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். கூரையும் தரையும் குடிக்க மோரும் உண்டு. யார் என்று சிலரைக் கேட்கிறார்கள், எத்தனை நாள் என்று யாரையும் கேட்பதில்லை. நம் பக்கத்தில் சத்திரத்துக் கணக்குப்பிள்ளை இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் தாழ்ப்பாளைத் தொடுவான்.

மாப்பிள்ளைக்கு வண்டியை விட்டு வர முடியவில்லை. காமாட்சியை நான்தான் ஏற்றினேன். அடியில் வைக்கோல், அதன்மேல் ரெட்டுத் துணி, அதன்மேல் அவள் மாமியார் கொடுத்தனுப்பிய பழைய மெத்தை. எல்லைச் சுங்கச் சவுக்கையில் திருவிதாங்கூர்ச் சேவகன் தடுத்து, மலையாளத்தில் கேட்டான்: வரும்போது எத்தனை பேர், போகும்போது எத்தனை பேர்? வந்தது இரண்டு, போவது மூன்று என்றேன். அவன் காமாட்சியை எட்டிப் பார்த்துவிட்டு, "மூன்றரை" என்றான். "அந்த அரை மகாராஜா குடியா, இங்கிலீஷ்காரன் குடியா என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லையே!" அவனே சிரித்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தான். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு அது ஒன்றுதான்.

கணவாய் இறக்கம் என் எலும்பை எண்ணிவிட்டது. வண்டி ஓடாமல் இருக்கப் பின்னால் ஒரு முழு மரக்கிளையைக் கட்டி இழுக்கவிட்டு, நான் சக்கரத்துக்குக் கட்டை போட்டுக்கொண்டே நடந்தேன். அட்டை ஏறியது தெரியவில்லை, ரத்தம் வழிந்தபிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே இருந்து "ஒண்ணுமில்ல ஐயா" என்று சத்தம் வரும். கேட்காமலே சொல்கிறாள் என்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

கூடலூரில் மாப்பிள்ளையின் பங்காளி வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். "தப்பா நினைக்காதீக. வீடு முழுக்கக் கூலியாளுக. நாங்களே அடுப்படியிலதான் படுக்கிறோம்." பொய்யில்லை, நானே பார்த்தேன். சுண்ணாம்பு மூட்டைகளுக்கும் வைக்கோற்படப்புக்கும் நடுவில் ஒரு ஆள் நீளத்துக்கு இடம் கொடுத்தார். சொந்தம் என்பதால் அந்த அளவாவது கிடைத்தது. காலையில் காமாட்சியின் தலைமுடி வெள்ளையாக இருந்தது. "ஐயா, நான் கிழவியாகிட்டேன், இனிமே பேறுக்குப் பயமில்லை" என்றாள்.

கம்பம் சத்திரத்துக்கு மறுநாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். சத்திரம் என்றால் சுண்ணாம்பு பூசின பெரிய கட்டிடம். மழைத்தண்ணீர் ஒழுகாத ஓடு. கட்டின கொத்தனுக்கு மட்டம் பிடிக்கத் தெரிந்திருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. கணக்குப்பிள்ளை வெற்றிலையை மென்றுகொண்டே வண்டிக்குள் பார்த்தார்.

"எத்தனாவது மாசம் பெரியவரே?"

பேறு காலம் நெருங்கினவளை உள்ளே விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே குழந்தை பிறந்துவிட்டால் சத்திரத்துக்கே தீட்டு. அடுப்பு அணைக்கவேண்டும், வந்தவனுக்குச் சோறு போட முடியாது, தீட்டுக் கழியும்வரை கதவைச் சாத்தவேண்டும். அதனால் ஒரு மாதத்தைக் குறைத்துச் சொன்னேன்.

"எட்டு."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "எட்டாம் மாசத்துல எவனாச்சும் புள்ளத்தாச்சியைக் கிளப்புவானா? ஒண்ணு நீங்க பொய் சொல்லணும், இல்லாட்டி உங்களுக்குப் புத்தி பிசகியிருக்கணும். பாத்தாப் புத்தி பிசகின ஆளு மாதிரித் தெரியல."

"நான் தேவதானப்பட்டி சுருளியாண்டி. மஞ்சளாத்து மதகு வச்சவன்" என்றேன்.

"நல்ல காரியம். அந்த மதகுக்குள்ள படுக்கவைக்க முடியாதா?"

பின்னால் நின்ற வழிப்போக்கர்கள் சிரித்தார்கள். நான் கையை ஓங்கியிருப்பேன். காமாட்சி வண்டிக்குள்ளிருந்து, "ஐயா, போகலாம்" என்றாள். அந்தச் சத்திரத்தை ஆண்டவன் நன்றாக வைக்கட்டும். நான் இனி அதன் வாசலில் மாட்டைக்கூட நிறுத்தமாட்டேன்.

அன்றைக்கு எங்களுக்கு இடம் கொடுத்தவர் ஒரு ராவுத்தர். தோல் வியாபாரி. சரக்குக் கிட்டங்கியில் ஆட்டுத்தோல் அடுக்கியிருந்த பக்கத்தை ஒதுக்கித் தரையைக் கூட்டச் சொன்னார். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ராத்திரி படுக்கிறதுக்கு நான்ல உங்களுக்குக் குடுக்கணும்" என்றார். அவர் வீட்டிலிருந்து வெந்தயம் போட்ட கஞ்சி வந்தது. அந்த நாற்றத்தில் காமாட்சி குடித்ததையெல்லாம் வெளியே தள்ளினாள். வீட்டம்மா இரண்டாம் தரமும் கஞ்சி கொடுத்தனுப்பினார்கள். "உள்ள இருக்கிறது மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உதைக்குது ஐயா" என்று மகள் சிரிக்கப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. அடி வயிறு கல்லாக இறுகி இறுகி விடுகிறது என்று அப்புறம்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு எனக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. அவசரப்பட்டால் குலுங்கும், மெதுவாகப் போனால் நாள் ஓடும். மொக்கையன் இரண்டுக்கும் நடுவில் மாட்டை ஓட்டினான். உத்தமபாளையத்தை நிற்காமல் தாண்டினோம்.

சின்னமனூரில் ஒரு மளிகைக் கடைக்காரர் வீட்டில் பின்கட்டு காலி என்றார்கள். இந்த முறை ஜாக்கிரதையாக ஏழு என்று சொன்னேன். கடைக்காரர் தலையாட்டினார். ஆனால் அவர் சம்சாரம் வெளியே வந்து, காமாட்சி வண்டியிலிருந்து இறங்குகிறதை மட்டும் பார்த்தாள்.

"ஏழா? உள்ள எத்தனை பேரு இருக்காக? ரெண்டா, மூணா? வயிறு எறங்கிக் கெடக்கு. ஆம்பளை கணக்குச் சொன்னா நம்புறதுக்கு என் வீட்டுக்காரருதான் இருக்காரு. அடுத்த வீட்டுப் பொண்ணு இங்கன பெத்துட்டா என் வீட்டு லட்சுமி அவகூடப் போயிருவா. கோவிச்சுக்காதீக."

அப்புறம் உண்மையையே சொல்லிப் பார்ப்போம் என்று கோயில் மண்டபத்துக்குப் போனேன். ஒன்பது என்றேன். மண்டபத்தைக் கூட்டுகிறவர் நல்ல மனுஷர், இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "ஒன்பதுக்கு இடமில்லைங்க. என் வேலை போயிரும்."

பொய்க்கும் இடமில்லை, மெய்க்கும் இடமில்லை. ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் தூறலில் வண்டியை நிறுத்தினோம். கூண்டுக்குள் அவள்; அடியில் நானும் மொக்கையனும். விடிந்து பார்த்தால் மரத்துக்குப் பக்கத்தில் ஒரு சுமைதாங்கிக் கல். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருந்தார்கள். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனவளுக்காக அவள் வீட்டார் வைப்பது அது. வழிப்போக்கன் தலைச்சுமையை இறக்கி வைத்தால் அவள் சுமையும் இறங்குமாம். காமாட்சி கண்ணில் படக்கூடாது என்று மொக்கையன் தன் வேட்டியை உலர்த்துகிற மாதிரி அதன்மேல் விரித்தான். அவள் முன்னாலேயே பார்த்துவிட்டாள். செத்தால் கல் வைக்கிற ஊர், உயிரோடு வருகிறவளுக்கு ஒரு பாய் அகலம் இடம் விடக் கூடாதா?

அன்றைக்குப் பகலெல்லாம் மழை. தேனி தெரிகிற இடத்துக்கு வந்தபோது வண்டிகள் வரிசையாக நின்றன. கொட்டகுடி ஆறு போடி மலையிலிருந்து செம்மண் கரைத்துக்கொண்டு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. அக்கரையில் தேனி. சந்தைப்பக்கத்துப் புகைகூடத் தெரிகிறது. தேனியில் எனக்குத் தெரிந்த செக்குக்காரர் ஒருவர் இருந்தார். அவர் நிச்சயம் இடம் கொடுப்பார் என்றுதான் நாலு நாளாக என்னை நானே தேற்றிக்கொண்டு வந்திருந்தேன். "நாளைக்கு மத்தியானத்துக்கு முன்ன வண்டி எறங்காது" என்றார்கள்.

காமாட்சி என் தோளைப் பிடித்தாள். "ஐயா, வலி விட்டு விட்டு வருது. இது சும்மா வலி இல்ல."

என்ன கிணறு வெட்டி என்ன, மறுபடியும் வாசல் தேடித்தான் ஓடினேன். கரையை ஒட்டின ஊரில் போய்க் கேட்டோம். முதல் வீட்டில் கதவு திறக்கவில்லை. இரண்டாவது வீட்டில் திறந்துவிட்டுச் சாத்தினார்கள். திரும்பி வந்தேன்.

வண்டிகளுக்கு நடுவில் ஒரு அம்மா மிளகாய் மூட்டைமேல் உட்கார்ந்து, நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். சவரியம்மாள் என்று பெயர். இராயப்பன்பட்டி. தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்துவைக் கும்பிடுகிற வேதக்காரர் குடும்பம். கொழுந்தனோடு தேனிச் சந்தைக்கு வத்தல் கொண்டுபோகிறவள். நான் யார், எப்படிப்பட்டவன், எனக்கே இப்படி நடக்கலாமா என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்போல.

"அண்ணே, நீங்க கெணறு வெட்டுன கதையை நாளைக்குச் சொல்லுங்க. இப்பக் கழி நடத் தெரியுமா, தெரியாதா?"

"என்ன கழி?"

"கேட்ட எடமெல்லாம் இல்லைன்னுட்டாக. அப்ப நாமதான் கட்டணும். வேற என்ன செய்வீக, ஆத்துக்கிட்டப் போயிக் கேப்பீகளா?"

அப்போதுதான் எனக்குப் புத்தி திரும்பியது. கட்டுகிறவன் நான். நாலு நாளாகக் கட்டினவன் வாசலில் நின்று கெஞ்சியிருக்கிறேன். கரைமேட்டில் தண்ணீர் ஏறாத இடமாகப் பார்த்தேன். தண்ணீர் எதுவரை வரும் என்பதை மண்ணைப் பார்த்துச் சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மலைவெள்ளத்தில் மூங்கில் மிதந்து வந்துகொண்டிருந்தது. மொக்கையன் இடுப்பில் கயிறு கட்டி இறங்கி, ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டான். குழி பறிக்க என் கை போதும். நாலு மூலைக்கு நாலு, நடுவில் முகட்டுக்கு இரண்டு.

வண்டிக்காரர்கள் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். கை கொடுக்கவில்லை. ஒரு பெரியவர், "குச்சு கட்டுறது தாய்மாமன் வேலையாச்சே. மொதக் கட்டு யாரு போடுறது?" என்றார். சமைந்த பெண்ணுக்குத்தான் அந்த முறை, பேறுக்கு இல்லை என்றான் இன்னொருவன். இல்லை, எந்தக் குச்சுக்கும் அதுதான் முறை என்றான் மூன்றாமவன். என் சம்சாரத்துக்குக் கூடப்பிறந்தவனே கிடையாது. வண்டிக்குள்ளே என் மகள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், வெளியே இவர்கள் முறை பேசுகிறார்கள்.

சவரியம்மாள் எழுந்து வந்து, தன் மிளகாய் மூட்டைக் கயிற்றை அவிழ்த்தாள். "ஏலே, நீங்க நின்னு பேசுனாப் புள்ளையும் நிக்குமா? எனக்கு இந்த மொறையெல்லாம் கெடையாது, நான் வேதக்காரி. இந்தா, மொதக் கட்டு நான் போட்டாச்சு. இனிமே யாருக்கும் தோஷமில்ல. கை வைங்க."

அப்படி ஒரு வழி இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. முதல் கட்டு விழுந்த உடனே எல்லாக் கையும் இறங்கின. ஒருவன் மாட்டுக்கு வைத்திருந்த சோளத்தட்டையைக் கொண்டுவந்தான். ஒருவன் கூண்டுப் பாயை உருவினான். முறை பேசின பெரியவர் தன் வண்டி முட்டுக்கட்டையையே கொடுத்தார். என் வண்டிக் கூண்டை அப்படியே தூக்கி முகட்டில் கவிழ்த்தேன். தட்டையை எப்படிச் சாய்த்து வேய்ந்தால் ஒழுகாது என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் வைத்தார்கள். இருட்டுவதற்குள் கூரை நின்றது. என் ஆயுசில் நான் கட்டினதிலேயே சின்னது அது. கோணல்கூட இருந்தது.

கரை ஊரிலிருந்து ஒருவர் குடையோடு வந்து, "இந்த ஆத்துத் தண்ணியை ஊரே குடிக்குது, இங்கன பேறு பாக்குறீகளே" என்றார்.

"உங்க ஊர்ல யாரும் பொறக்கிறதே இல்லையா, எல்லாரும் வானத்துல இருந்து விழுந்தாகளா?" என்று சவரியம்மாள் கேட்டாள். குடை திரும்பிப் போனது. கொஞ்ச நேரத்தில் அதே குடையின் கீழ் ஒரு அம்மா, சட்டியில் நெருப்பும் ஒரு பானை சுடுதண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அந்த இரவைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. ஆம்பளைகள் எல்லாரும் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். விடிந்து, வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தபிறகும் ஒன்றுமில்லை. காமாட்சி சத்தம் குறைந்துகொண்டே வந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. சவரியம்மாள் ஒரு தரம் வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போனாள். நான் மூங்கில் கால் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூரை விழுந்துவிடக்கூடாது என்று பிடித்தேனா, நான் விழுந்துவிடக்கூடாது என்று பிடித்தேனா, தெரியவில்லை.

பிறகு குழந்தை அழுதது. பொம்பளைப் பிள்ளை. அழுகை ஆற்று இரைச்சலுக்கு மேலே கேட்டது.

"அண்ணே, ரெண்டும் பொழைச்சுக்கிருச்சு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "இப்பக் கெணத்துக் கதையைச் சொல்லுங்க, கேப்போம்."

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் ஆயுசில் யாராவது கேட்டு நான் சொல்லாமல் இருந்தது அந்த ஒரு தரம்தான்.

மத்தியானம் தண்ணீர் வடிந்தது. வண்டிகள் இறங்கிப் போயின. சவரியம்மாளும் சந்தைக்குப் போய்விட்டாள். கயிறு அவிழ்த்த மூட்டையிலிருந்து வத்தல் சிந்திக்கொண்டே போனது. பச்சை உடம்போடு காமாட்சியைக் குலுக்கிக்கொண்டு போக முடியாது. மொக்கையன் போய் என் சம்சாரத்தைக் கூட்டிவந்தான். அவள் ஆறு தாண்டி, முழங்கால்வரை சேறோடு வந்து, குச்சுக்குள் குனிந்து நுழைந்தாள். மகளைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்.

"தாய்வீட்டுக்கு வந்து சேர முடியலையே ஆத்தா" என்று காமாட்சி அழுதாள்.

"அடி போடி. கட்டுனது உங்க ஐயா. நான் வந்தாச்சு. அப்புறம் இது தாய்வீடு இல்லாம என்னவாம்?"

தீட்டுக் கழியும்வரை அங்கேயே இருந்தோம். அந்தக் கரை ஊர் அம்மா தினமும் நெருப்பு கொண்டுவந்தாள். கிளம்புகிற அன்று, வழக்கப்படி குச்சைக் கொளுத்திவிட வேண்டும் என்று மொக்கையன் வைக்கோலைச் சுருட்டினான். என் சம்சாரம் அதைப் பிடுங்கிப் போட்டாள். "தாய்வீட்டை எவளாச்சும் கொளுத்துவாளா?" என்றாள். கூண்டையும் அங்கேயே விட்டுவிட்டு, மொட்டை வண்டியில் ஊருக்கு வந்தோம்.

கொளுத்தாமல் விட்டதால் குச்சு நின்றது. அடுத்த மழைக்கு, ஆற்றில் மாட்டிக்கொண்ட ஒரு குயவர் வீட்டுப் பெண் அதில் பெற்றாளாம். அதற்கப்புறம் கணவாயிலிருந்து வருகிற கூலிக்காரப் பெண்கள் எட்டு, ஒன்பது என்று கணக்குப் பார்க்காமல் அங்கே வந்து படுக்க ஆரம்பித்தார்கள். யாராவது ஒருவர் புதுத்தட்டை போடுவார், யாராவது ஒரு கால் மாற்றுவார். தேனிக்குப் போகும்போதெல்லாம் நானும் ஒரு கட்டு தட்டை இறக்கிவிட்டுப் போவேன்.

போன வருஷம் அந்தப் பக்கத்துப் பெரிய மனுஷர் ஒருவர் அதை எடுத்துக் கட்டினார். கல்சுவர், ஓட்டுக்கூரை, உள்ளே அடுப்பு. நல்ல காரியம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் வாசலில் ஒரு கல் நட்டிருக்கிறார். இந்தப் பிள்ளைத்தாய்ச்சி மடம் இன்னார் உபயம் என்று அவர் பெயரும் அவர் தகப்பன் பெயரும் வெட்டியிருக்கிறது. முதலில் கழி நட்டவன் பெயர் எங்கே?

பெயருக்கு அலைகிறவன் என்று என்னைச் சொல்வார்கள். அலைகிறேன்தான். ஆனால் இது எனக்கு மட்டும் இல்லை. கூடலூரில் காமாட்சியின் மாமியார் வீட்டில் சண்டை வந்தால், "ஆத்தங்கரையில பெத்துப் போட்டவதானே, தாய்வீட்டுல பெத்தவளா நீயி?" என்று இன்றைக்கும் கேட்கிறார்களாம். என் பேத்திக்கு இப்போது விவரம் தெரிகிற வயது. அவளே போன மாதம் என்னிடம், "தாத்தா, நான் ரோட்டுலயா பொறந்தேன்?" என்று கேட்டாள்.

நான் நேரில் போய்க் கேட்டேன். அந்தப் பெரிய மனுஷர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்தார். "பெரியவரே, கல்லுல எழுத்து நெறைஞ்சு போச்சு. எடமில்லையே" என்றார்.

ஆகவே இதை எழுதி எல்லாரும் படிக்கும்படி வைக்கிறேன். தேவதானப்பட்டி சுருளியாண்டி தன் மகள் காமாட்சிக்குக் கட்டின தாய்வீடு இது என்று அந்தக் கல்லில் வெட்டவேண்டும். கீழே, முதல் கட்டு இராயப்பன்பட்டி சவரியம்மாள் என்றும் வெட்டவேண்டும். அவள் பெயரை விட்டுவிட்டு என் பெயரை மட்டும் போட்டால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கூலி நான் கொடுக்கிறேன், உளி நானே பிடிக்கிறேன். இடமில்லை என்கிற பேச்சு இனி என்னிடம் வேண்டாம். கல்லின் முன்பக்கம்தான் நிறைந்திருக்கிறது. பின்பக்கம் காலி; நான் உள்ளே போய்ப் பாயில் படுத்தே பார்த்துவிட்டு வந்தேன். ரோட்டில் போகிறவனுக்கு முன்பக்கம் தெரியும். உள்ளே வலியோடு படுத்திருக்கிறவள் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பின்பக்கம்தான்.